தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நட்சத்திரம் பார்க்க இருட்டான இடம் தேடுவது எப்படி?

புதிதாக நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த இடத்துக்குப் போகலாம்?" என்றுதான். "எந்தப் பக்கத்து வானத்தைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் வராது. ஒரே இடத்தில் தெற்கே பார்த்தால் கும்மிருட்டாகவும், வடக்கே திரும்பினால் பொழுது விடியப் போகிற மாதிரியும் இருக்கும். நம் இரண்டு மாவட்டங்களின் நிலைமையே அப்படித்தான். வடமேற்கே பெங்களூரும் ஓசூரும், தெற்கே சேலம், நடுவே ஓசூரிலிருந்து தொப்பூர் வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை.

அதனால் வரிசை முக்கியம். முதலில் திசை, அடுத்து தேதி, அப்புறம் வரைபடம், பகலில் ஒரு நடை, கடைசியில்தான் இரவு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, நூறு கிலோமீட்டர் பெட்ரோல் போட்டுப் போய் நிலாவைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய பேர். அதில் நானும் உண்டு.

1. எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இது முதல் படியாக இருக்கக் காரணம், பார்க்கும் பொருள்தான் திசையைத் தீர்மானிக்கிறது. தர்மபுரி ஏறக்குறைய 12 பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் இங்கே வடக்கு அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே துருவ நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்சிலுவை நம் ஊரில் உச்சிக்கு வரும்போதே 18 பாகைதான், இரண்டு முஷ்டிகூட இல்லை. மார்ச் கடைசியில் நள்ளிரவு தாண்டியும், மே மாதக் கடைசியில் எட்டரை மணி வாக்கிலும் அது நேர் தெற்கே நிற்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே குன்றும் இருக்கக் கூடாது, ஊரும் இருக்கக் கூடாது. பால்வீதியின் அடர்த்தியான நடுப்பகுதி விருச்சிகம், தனுசு பக்கம் இருக்கிறது. மார்ச்சில் இரவு இரண்டு மணிக்கு மேல் தென்கிழக்கில் ஏறி வரும். திருவாதிரையும் மிருகசீரிடமும் கார்த்திகையும் ஜனவரி, பிப்ரவரியில் முன்னிரவிலேயே உச்சியில் இருக்கும். இவற்றுக்கு அடிவானம் எப்படி இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

கவனித்தீர்களா? நாம் தேடிப் போகும் பெரும்பாலானவை தெற்கிலும் உச்சியிலும்தான். அப்படியானால் பெரிய வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னால், வடக்கே இருக்கட்டும். முகத்துக்கு நேரே இருட்டு வேண்டும்.

2. தேதியை நாள்காட்டித் தாளிலிருந்து எடுங்கள்

இதற்குத் தனியாகச் செயலி எதுவும் வேண்டாம். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி போட்டிருக்கிறது. தேய்பிறை ஏகாதசி முதல் வளர்பிறை திருதியை வரை, மாதத்தில் ஏறக்குறைய எட்டு இரவுகள் நமக்கு உரியவை. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஏகாதசியன்று விடியற்காலை இரண்டரை, மூன்று மணிக்குத்தான் தலைகாட்டும். வளர்பிறை திருதியையில் எட்டரை மணிக்கெல்லாம் மறைந்துவிடும். அமாவாசை அன்றேதான் போக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அன்று கோயில்களுக்குப் போகும் வண்டிகள் அதிகம், வேறொரு சிக்கலும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சூரியன் மறைந்ததும் வானம் இருட்டிவிடாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை போன பிறகுதான் முழு இருட்டு. நம் ஊரில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆறரைக்கு அஸ்தமனம் என்றால் ஏழே முக்கால் வரை இடத்தை எடைபோடாதீர்கள்.

மாதங்களில் டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை நம்பிப் போகலாம். ஜனவரியில் ஏரி, அணை ஓரங்களில் மூடுபனி இறங்கும். மார்ச்சில் புழுதியும், எங்காவது காட்டுத்தீ இருந்தால் புகையும் சேர்ந்து அடிவானம் கலங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்து ஓய்ந்த மறுநாள் இரவு கிடைத்தால் விடாதீர்கள். கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

3. வரைபடத்தில் இடங்களைக் கழித்துக்கொண்டே வாருங்கள்

இரவு வெளிச்சத்தை நிறமிட்டுக் காட்டும் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நல்ல இடம் தேடாதீர்கள், கெட்ட இடங்களை அடித்துவிடுங்கள். வேலை சீக்கிரம் முடியும். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் பட்டையை மொத்தமாக அடித்துவிடலாம். நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும், சுங்கச்சாவடி, கிரானைட் பட்டறை, சிப்காட் எல்லாம் போகும். கிருஷ்ணகிரி அணை அழகான இடம்தான், ஆனால் ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் வேலைக்கு ஆகாது.

எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்? ஒரு நகரத்தின் வான்வெளிச்சம், அதாவது அதன் விளக்குகள் வானத்தில் பரப்பும் வெளிச்சம், தூரத்தோடு மிக வேகமாகக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்பது வானியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. பத்து கிலோமீட்டரில் நின்று பார்ப்பதற்கும் இருபதில் நின்று பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். ஆனால் நூறிலிருந்து நூற்றிருபதுக்குப் போவதில் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் தேவையில்லாமல் தூரம் ஓட்டாதீர்கள்.

வரைபடத்தை அப்படியே நம்பவும் கூடாது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, இந்தத் தகவலைத் தரும் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். ராத்திரி எட்டு மணிக்கு எரிந்து பதினொரு மணிக்கு அணைகிற விளக்கு அதன் கணக்கில் வராது. இரண்டாவது, அதன் உணர்கருவிக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது. வெள்ளை எல்இடி விளக்கில் நீலம் அதிகம். பஞ்சாயத்துகள் பழைய மஞ்சள் விளக்கை மாற்றி வெள்ளை எல்இடி போட்ட ஊர்கள், படத்தில் இருட்டாகிவிட்டது போலத் தோன்றும். நேரில் போனால்தான் தெரியும்.

4. எந்தப் பக்கம் எதற்கு நல்லது

இது என் கணிப்பு. ஒரே இடத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கங்களாகச் சொல்கிறேன். குறிப்பிட்ட வயலையோ பாறையையோ எழுதிவிட்டால் அடுத்த மாதமே அங்கே இருபது வண்டி நிற்கும்.

அரூர், தீர்த்தமலை, கோட்டப்பட்டி, சித்தேரி பக்கம்தான் என் முதல் தேர்வு. சேலம் தென்மேற்கில் ஒதுங்கிவிடும், தெற்கிலும் தென்கிழக்கிலும் கல்வராயன் மலைத் தொடர். பால்வீதியின் நடுப்பகுதி ஏறி வரும் திசை சுத்தமாக இருக்கும். குறை என்னவென்றால் மலைக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால் தென்சிலுவை மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நாலைந்து கிலோமீட்டர் பின்வாங்கி, திறந்தவெளியில் நில்லுங்கள்.

ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை பக்கம் அடுத்தது. கிழக்கே ஜவ்வாது மலை. அந்த மலைமேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு. அது திருப்பத்தூர் மாவட்டம். அதன் வாசலில் போய் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவர்கள் வேலை கெடும்.

அஞ்செட்டி பக்கம் இருட்டில் முதலிடம் கொடுக்கலாம். பெங்களூரு வடக்கே முதுகுக்குப் பின்னால், எதிரே காவிரிப் பள்ளத்தாக்கும் மேலகிரி மலையும். ஆனால் புதியவர்களை நான் அங்கே அனுப்புவதில்லை. அது யானைக் காடு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் தொடங்கி ராகி அறுவடை முடியும் வரை, கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வரும். வானம் தெளியத் தொடங்கும் நாட்களும் அதில்தான் வரும். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பது முட்டாள்தனம். தெரிந்தவர் வீடோ தோட்டமோ இருந்தால், அவர் முற்றத்திலேயே பாருங்கள். ஒகேனக்கல் மலைச்சாலைக்கும் இதே பேச்சுதான்.

ஏரியூர், நாகமரை பக்கம், மேட்டூர் அணையின் பின்நீர் ஓரம், மேற்கு வானத்துக்கு நல்லது. தெற்கே மேட்டூர் அனல்மின் நிலையத்தின் வெளிச்சம் எழும்பி நிற்கும் என்பதால் தென்சிலுவைக்கு ஆகாது.

வத்தல்மலை பற்றி எல்லோரும் கேட்பார்கள். உயரமான இடம் என்றால் இருட்டான இடம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மலை விளிம்பில் நின்றால் சமவெளி விளக்கு அத்தனையும் கண்ணில் குத்தும். போனால் விளிம்பை விட்டு உள்ளே, நாலா பக்கமும் மேடு சூழ்ந்த பள்ளமான நிலத்தில் நில்லுங்கள். வான்வெளிச்சம் அடிவானத்தை ஒட்டித்தான் அடர்த்தி. வடக்கே ஒரு குன்று துருவ நட்சத்திரத்தை மறைக்கும் அளவுக்கு உயரமாக இருந்தால், பெங்களூரு வெளிச்சத்தின் மோசமான பகுதியும் அதன் பின்னால் போய்விடும். நான் இடம் தேடும்போது இப்படி ஒரு குன்றைத்தான் முதலில் தேடுவேன்.

5. பகலில் ஒருமுறை போங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்களே இல்லை. பகலில் பார்க்க வேண்டியவை: சுற்றிலும் கம்பத்தில் விளக்கு இருக்கிறதா, செங்கல் சூளை, கோழிப்பண்ணை, செல்போன் கோபுரம் பக்கத்தில் உண்டா, வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா, கிணறு எங்கே. தரைமட்டக் கிணறுகள் இங்கே நிறைய, இருட்டில் தெரியாது. வேலிக் கம்பியையும் பாருங்கள். காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றித் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரவில் வரப்பில் ஏறாதீர்கள், முன்பே பார்த்து வைத்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

பகலில் போனாலும் ஏமாறலாம். இராயக்கோட்டைப் பக்கம் ஒரு பாறைத் திட்டு கண்டுபிடித்தேன். தெருவிளக்கு இல்லை, வீடுகள் தூரத்தில், பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஒரு சாமந்தித் தோட்டம். மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரி போனால், அந்தத் தோட்டம் முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி பல்புகள்! வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, செடிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். பாறை மேல் எங்கள் நிழலே விழுந்தது. சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு விடும். செடி நன்றாக வளரும் வரை பூப்பைத் தள்ளிப்போட, ராத்திரியில் விளக்குப் போடுகிறார்கள். பகலில் நான் அந்தக் கம்பியையும் பல்பையும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

அதனால் பகலில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள்: "ராத்திரி இங்கே எது எது எரியும்?" டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் கோயில் திருவிழா எப்போது என்றும் சேர்த்துக் கேளுங்கள். சீரியல் செட்டும் குழாய் விளக்கும் நாலு கிலோமீட்டருக்கு வானத்தைக் கெடுக்கும்.

6. ஊரில் சொல்லிவிட்டு உட்காருங்கள்

அமாவாசைச் சிக்கல் இதுதான். நம் மாவட்டங்களில் நடுகல்லும் (இறந்த வீரனுக்கு நட்ட கல்) கற்திட்டையும் (பழங்காலக் கல் ஈமச்சின்னம்) இல்லாத பக்கம் குறைவு. புதையல் தேடி ராத்திரியில் வந்து தோண்டுகிறவர்களைப் பற்றிய பயமும் அங்கெல்லாம் உண்டு. அமாவாசை நடுராத்திரியில் நாலு பேர், நீளமான பையோடு, சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நின்றால் என்ன நினைப்பார்கள்?

அரூருக்குக் கிழக்கே ஒருமுறை எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர், கையில் தடியோடு. முன்னால் நின்ற பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, புதையலா?"

"இல்லீங்கய்யா, நட்சத்திரம் பாக்க வந்தோம்."

"நட்சத்திரத்த உங்கூர்ல பாக்க முடியாதா?"

நியாயமான கேள்விதான். தொலைநோக்கியில் வியாழனையும் அதன் நிலாக்களையும் காட்டிய பிறகு தடிகள் கீழே இறங்கின. அப்புறம் அவர்களே வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடம் எனக்கு வியர்த்த வியர்வை எனக்குத்தான் தெரியும்.

இப்போதெல்லாம் பகலில் போகும்போதே நிலத்துக்காரரைப் பார்த்து அனுமதி கேட்டுவிடுகிறேன். ஊரில் பெரியவர் ஒருவரிடமும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை. பட்டா நிலமாகப் பாருங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, இரவில் சுத்தமாகக் கூடாது.

7. எடுத்துப் போக வேண்டியவை

தார்ப்பாய், போர்வை, தண்ணீர், முழு ஷூ, தடி. வெறும் செருப்போடு வராதீர்கள். சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் இரவில்தான் நடமாடும். கடித்தால் 108, நேரே அரசு மருத்துவமனை, வேறு யோசனையே வேண்டாம். செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுங்கள். பேன்சி கடையில் கிடைக்கும். தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் அகலம்) முதல் வருடத்துக்குத் தாராளம்.

8. முதல் இரவு: ஒன்றரை மணி நேரம் போதும்

முதல் இரவில் குடும்பத்தைக் கூட்டிப் போகாதீர்கள். துணைக்கு ஒருவர் போதும். இது இடத்தைச் சோதிக்கும் இரவு, வானத்தை ரசிக்கும் இரவு அடுத்த மாதம்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். வண்டியை வெளியேறும் திசை பார்த்து நிறுத்திவிடுங்கள், நடுவில் திருப்பினால் எல்லோர் கண்ணும் போச்சு. காருக்குள் எரியும் கூரை விளக்கை முன்பே அணைத்து வையுங்கள். 2017-க்குப் பிறகு வந்த பைக்குகளில் இன்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும், அணைக்க சுவிட்ச் இருக்காது. அதனால் கடைசி ஐம்பது அடியை இன்ஜினை நிறுத்தித் தள்ளிக்கொண்டே போங்கள்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மங்கிய ஒளியைப் பார்க்கும் குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மெதுவாகத்தான் சேரும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அது சிதைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கலான சிவப்பு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்குத்தான் அந்தக் கண்ணாடிப் பேப்பர். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒருவருக்கு வாட்ஸ்அப் வந்து, அவர் அதை எடுத்துப் பார்ப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

9. இருட்டை அளக்கும் விதம்

கருவி வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் இரவு பத்து மணிக்குப் பூசம் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வரும். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரத்துக்கும் மகத்துக்கும் நடுவில் தேடுங்கள். வெறும் கண்ணுக்கு அங்கே ஒரு பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாகத் தெரிந்தால் உச்சி வானம் நன்றாக இருக்கிறது. நேராக முறைத்தால் தெரியாது, கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்துக் கண்ணோரத்தால் பாருங்கள். எதுவுமே தெரியவில்லை என்றால், அந்த இடம் வீட்டு மாடியைவிடக் கொஞ்சம்தான் தேவலை.

அடுத்து அடிவானத்தைச் சுற்றி வாருங்கள். எட்டுத் திசையிலும் வெளிச்சம் எத்தனை முஷ்டி உயரம் வரை ஏறியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். "வமே 3, தெமே 1, தெ 0" என்று ஒரு வரி போதும். மேகம் ஒன்று வந்தால் அதையும் கவனியுங்கள். ஊர்ப் பக்கம் மேகம் கீழிருந்து ஒளி பட்டு வெளுத்துத் தெரியும். நல்ல இருட்டில் மேகம் வானத்தைவிடக் கறுப்பாக, நட்சத்திரங்களை விழுங்கிய ஓட்டை மாதிரி இருக்கும்.

எட்டரை மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை அளக்க முடிந்தால் நல்லது. போக்குவரத்து குறைந்து வீட்டு விளக்குகள் அணைந்த பிறகு, எட்டரைக்கு வேண்டாம் என்று தள்ளிய இடம் பதினொன்றுக்குத் தேறிவிடும்.

இராயக்கோட்டைப் பாறையையும் நான் விட்டுவிடவில்லை. மறுநாள் அந்தச் சாமந்தித் தோட்டத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். "செடி வளர்ற வரைக்கும்தான் தம்பி லைட்டு. அப்புறம் மொட்டு விடணும்னா அதுக்கும் இருட்டுதான் வேணும்" என்றார். அவர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் கிளம்புவதற்கு முன்னால், பல்பைக் கழற்றியாச்சா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.